ஆங்கில வகுப்பில் காதும் வாயும் கையும் ஒன்றாக வேலை செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வரும்போதும், கல்லூரிகளில் வளாக நேர்காணல் நடக்கும்போதும் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் கிளம்புகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஆர்வமே இல்லை, தனியாக ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது எங்கள் கருத்து. ஆர்வம் இல்லாத பிள்ளைகள் குறைவு. நாற்பது நிமிட ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தேவைப்படாமலே உட்கார்ந்து எழுந்து போகும் பிள்ளைகள்தான் அதிகம். ஆசிரியர் வரி வரியாகப் படித்துத் தமிழில் பொருள் சொல்லிவிடுகிறார். விடை கைடில் இருக்கிறது. அதை உருப்போட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. இதில் எந்த இடத்திலும் ஒரு பிள்ளை இன்னொருவர் சொன்ன ஆங்கிலத்தைக் காதில் வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் ஆர்வம் எங்கிருந்து வரும்?

ஸ்போக்கன் இங்கிலீஷைத் தனி வகுப்பாகப் பிரிப்பதிலும் இதே கோளாறு உண்டு. அங்கே பேச்சு மட்டும்தான். "மை நேம் இஸ்", "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்று ஆளாளுக்கு எழுந்து ஒப்பிப்பார்கள். அப்பா விவசாயி என்பது பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். தெரிந்த செய்தியை எவன் காது கொடுத்துக் கேட்பான்?

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் ஒரே வேலைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நாங்கள் வற்புறுத்துவது. இதைச் சொன்னதும் பலர் நாற்பது நிமிடத்தை நான்கு பத்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் திமிங்கிலத்தைப் பற்றி ஒலிப்பதிவு, அடுத்த பத்தில் பொழுதுபோக்கு பற்றிப் பேச்சு, பிறகு பாடப் பத்தி, கடைசியில் விடுமுறை விண்ணப்பம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சுமைகள். நாங்கள் சொல்லும் முறையில் கேட்டது கையில் இருந்தால்தான் பேச முடியும், பேசிப் பெற்றது இருந்தால்தான் எழுத முடியும், எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துத்தான் அது சரியா என்று தெரியும்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் காரியம் கெடுவதெல்லாம் சின்னச் சின்ன இடங்களில்தான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வரைபடத்தைப் பார்த்து ஒருவருக்கு வழி சொல்லும் கேள்வி உண்டு, இரண்டு மதிப்பெண். நம் பிள்ளைகள் இதற்கு "கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், இட் இஸ் ஆன் யுவர் ரைட்" என்று ஒரே அச்சை மனப்பாடம் செய்து எந்த வரைபடம் வந்தாலும் அதையே எழுதிவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு மதிப்பெண் கேள்வியை நான்கு திறனுக்குமான இரண்டு பீரியடு வேலையாக எட்டாம் வகுப்பிலிருந்தே மாற்றலாம்.

முதலில் உங்கள் ஊர் வரைபடம் ஒன்று. பாலக்கோடோ அரூரோ காவேரிப்பட்டணமோ, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊராக இருக்கட்டும். ஆனால் கடைகளின் இடத்தை மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் காதில் விழுவதைக் கேட்காமல் தெரிந்த வழியில் போய்விடுவார்கள். நான்கைந்து தெரு, பத்து இடம் போதும். பஸ் ஸ்டாண்டு, பள்ளி, தபால் நிலையம், தக்காளி மண்டி, மருந்துக்கடை என்று போட்டுக்கொள்ளலாம். இதில் இரண்டு படி தயாரிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டும் பள்ளியும் இரண்டு படியிலும் இருக்கும். மீதி எட்டில் நான்கின் பெயர் முதல் படியில் மட்டும், நான்கின் பெயர் இரண்டாவது படியில் மட்டும். பெயர் இல்லாத கட்டத்தில் கேள்விக்குறி. நாற்பது பேர் வகுப்புக்கு இருபது இருபதாக நாற்பது துண்டு. ஏ4 தாளில் நான்கு வீதம் அடக்கினால் பத்துத் தாள் ஜெராக்ஸ். அதற்கும் வழியில்லை என்றால் முதல் படியைக் கரும்பலகையிலும் இரண்டாவதைப் பின்சுவரில் சார்ட்டிலும் வரைந்து, ஜோடியில் ஒருவர் முன்னே பார்க்க, மற்றவர் பின்னே திரும்பி உட்காரலாம். செலவே இல்லை. எங்கள் அனுபவத்தில் துண்டுத் தாளைவிட இதுதான் நன்றாக நடக்கிறது, எட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளும் வேலை இதில் நடக்காது.

வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் இடத்துக்கு வழி சொல்லும் எண்பது, நூறு சொல் பத்தியை இரண்டு முறை வாசிக்கிறார். முதல் முறை பென்சில் கீழே. விரலால் மட்டும் வரைபடத்தில் நகர வேண்டும். இரண்டாம் முறை பென்சிலால் கோடு. எங்கே போய் நின்றீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் சரியான இடத்தில் நிற்பார்கள், கால்வாசிப் பேர் ஒரு தெரு தள்ளி நிற்பார்கள். முதல் நாளுக்கு அது போதும். இங்கே ஆசிரியர் வழக்கமாகச் செய்யும் தப்பு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்தி வாசிப்பது. அப்படி வாசித்தால் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கிக்கொண்டு, வாக்கியம் முடியும்போது முதல் சொல்லை மறந்துவிடுகிறது. நிறுத்தங்களைச் சேர்க்காமல் நூறு சொல் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். நிறுத்தம் வாக்கிய முடிவில் மட்டும், நிறுத்தும்போது மூன்று நான்கு நொடி தாராளமாக நிறுத்தலாம்.

அடுத்துப் பன்னிரண்டு நிமிடம் ஜோடி வேலை. தன்னிடம் இல்லாத நான்கு இடத்தையும் ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். விதி ஒன்றுதான்: தாளைக் காட்டக் கூடாது. "எங்க இருந்து ஆரம்பிக்கிற?", "நீ முதல்ல கேளு" என்பதெல்லாம் தமிழில் இருந்துவிட்டுப் போகட்டும், வழி மட்டும் ஆங்கிலத்தில் கடக்க வேண்டும். தமிழே கூடாது என்று தடை போட்டால் வகுப்பு ஊமையாகிவிடும். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் கேட்பதற்கு மூன்று வாக்கியங்களைப் பலகை ஓரத்தில் எழுதிவைத்துவிடுங்கள்: "சே இட் அகெய்ன், ப்ளீஸ்", "லெஃப்ட் ஆர் ரைட்?", "ஆஃப்டர் தி ஸ்கூல் ஆர் பிஃபோர் தி ஸ்கூல்?" இந்த மூன்றும் இல்லாத வகுப்பில், புரியாத பிள்ளை புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஜோடியின் தாளைப் பார்த்து நிரப்பும்.

இரண்டு கோளாறு நிச்சயம் வரும். ஒன்று, எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்கு இடமும் வலமும் மாறிப்போகும். வரைபடத்தின் அடியில் ஓர் அம்புக்குறி போட்டு, அதைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடப்பவனுக்கு எது இடதோ அதுதான் இடது என்பதை ஒரு பிள்ளையை வகுப்புக்குள் நடக்கவிட்டே காட்டிவிடலாம். இன்னொன்று, "ஸ்கூல் ஆப்போசிட் பேங்க்", "பஸ் ஸ்டாண்ட் நியர்" என்று தமிழ் வரிசையில் வரும் வாக்கியங்கள். ஜோடி வேலை நடக்கும்போது குறுக்கே போய் இதைத் திருத்தாதீர்கள். காதில் விழுந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் பலகையில் நான்கைந்து வாக்கியம் எழுதி, யார் சொன்னது என்று சொல்லாமல் வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்) பற்றி இலக்கண வகுப்பில் அரைமணி விளக்கினாலும் ஏறாதது அந்த ஐந்து நிமிடத்தில் ஏறும். வங்கியைப் பள்ளிக்கு எதிரே போடுவதா, பள்ளியை வங்கிக்கு எதிரே போடுவதா என்று சற்றுமுன்தான் தடுமாறியிருப்பார்கள்.

மறுநாள் எழுத்து. ஒவ்வொருவரும் ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, இடத்தின் பெயரைச் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டிலிருந்து அங்கே போகும் வழியை நான்கைந்து வாக்கியத்தில் எழுதுகிறார்கள். தாள் வேறொரு வரிசைக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதைப் படித்து, சொன்னபடி விரலை நகர்த்தி, போய்ச் சேர்ந்த இடத்தின் பெயரை அடியில் எழுதித் திருப்பி அனுப்புகிறார். மருந்துக்கடையை நினைத்து எழுதியது தபால் நிலையத்தில் போய் முடிந்தால் எழுதியவரும் படித்தவரும் உட்கார்ந்து எந்த வாக்கியத்தில் வழி தவறியது என்று தேட வேண்டும். சிவப்பு மையில் வட்டமிட்ட நோட்டை மூடிவைக்கும் பிள்ளை, இந்தத் தேடலை விடாமல் செய்யும். நாற்பது நோட்டுத் திருத்தும் வேலையும் ஆசிரியருக்கு மிச்சம்.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, நம் நெரிசல் வகுப்புக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூருவில்தான் இதன் முக்கியமான சோதனை ஒன்று நடந்தது. அங்குள்ள மண்டல ஆங்கில நிறுவனத்தை மையமாக வைத்து என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம், பெங்களூருவிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் நடந்தது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப்போல யோசிக்கவைத்து, அந்த யோசனையின் வழியே மொழியைப் பழக்கினார். மொழி கற்பித்தல் பற்றி உலகில் எங்கே படித்தாலும் அந்தப் பெயர் வரும்; நம் பயிற்சிக் கூட்டங்களில்தான் காதில் விழுவதில்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பிரபுவுக்குக் குழு வேலையில் பெரிய நம்பிக்கை இல்லை. அரைகுறை ஆங்கிலத்தையே ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிவிடுவார்கள் என்று தயங்கினார். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடு ஒரு மாதிரிக் கணக்கைச் செய்துகாட்டி, பிறகு அதே போன்ற ஒன்றைத் தனித்தனியே செய்யவைப்பது அவர் வழி. ஜோடி வேலை நாற்பது பேருக்கும் வாய் திறக்க இடம் தருகிறது என்பதால் நாங்கள் அதை விடவில்லை. ஆனால் ஜோடிக்கு முன் ஆசிரியர் வாசிப்பும், பின் பலகைத் திருத்தமும் கட்டாயம் என்று வைத்திருப்பது அவருடைய எச்சரிக்கையை மதித்துத்தான். அவர் வைத்த ஓர் அளவுகோல் நமக்கு நன்றாகப் பயன்படும். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாகச் செய்தால் அதன் கடினம் சரியான அளவில் இருக்கிறது. எல்லோரும் முழுதாகச் செய்துவிட்டால் அடுத்த முறை கூட்ட வேண்டும், முக்கால்வாசிப் பேர் விழித்தால் குறைக்க வேண்டும்.

இரண்டாவது வேலைக்கு ஜெராக்ஸ் கூட வேண்டாம். அறுபது, எழுபது சொல்லில் ஆறு வாக்கியம் கொண்ட ஓர் ஆங்கிலப் பத்தி போதும். எங்கள் மாவட்டத்துக்கு ஏற்ற பொருள் குடிதண்ணீர். பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சினால் பல்லில் கறை படியும், எலும்பும் கெடும். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவருகிறது. அறிவியல் வகுப்பில் கேட்டதும் வீட்டில் பார்த்ததுமான செய்தி, ஆகவே புதுச்சொல் நான்கைந்தைத் தாண்டாது. ஆசிரியர் இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிக்கிறார். முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு நான்கு பேர் சேர்ந்து தங்கள் குறிப்புகளைக் கொட்டி அந்தப் பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். எழுத்துக்கு எழுத்து அதே பத்தி வேண்டியதில்லை. செய்தி முழுதாகவும் வாக்கியம் சரியாகவும் இருந்தால் போதும். கடைசியில் மூலப் பத்தியைப் பலகையில் எழுதி ஒப்பிட வேண்டும்.

மணி அடித்துவிட்டது என்று பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். அதை விட்டால் மொத்தமும் வீண். "தி வாட்டர் ஹேவ் மச் ஃபுளோரைடு" என்று ஒரு குழு எழுதியிருக்கும். மூலத்தில் "ஹேஸ் டூ மச்" என்று இருக்கும். ஹேவ், ஹேஸ் தப்பை எல்லோரும் உடனே கண்டுபிடிப்பார்கள். அந்த "டூ" எதற்கு என்ற கேள்வி பிறகு எழும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஃபுளோரைடு நிறைய இருக்கிறது என்ற தகவலோடு நின்றுவிடும், குடிக்க லாயக்கில்லை என்பது போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இலக்கணம் கண்ணில் படுகிறது. ஆகவே பத்தி நீளமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பு ஐந்து, குழு வேலை பதினைந்து, ஒப்பீடு பதினைந்து என்று நிமிடம் ஒதுக்குங்கள். குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே பேனாவைப் பிடித்து எல்லாவற்றையும் எழுதிவிடும் என்பது இன்னொரு சிக்கல். ஒரு வாக்கியத்துக்கு ஒருவர் கையில் பேனா என்று மாற்றிவிடுங்கள். பேனா பிடித்தவர் மற்றவர்கள் சொல்வதை எழுதலாமே தவிர, பேனா இல்லாதவர் எழுதக் கூடாது. அப்போது கெட்டிக்காரப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், மெல்லக் கற்கும் பிள்ளையும் கேட்டு எழுதியாக வேண்டும்.

துணைப்பாடக் கதையை நான்காகக் கிழித்து நான்கு பேருக்குக் கொடுத்து, படித்ததைத் தாளைப் பார்க்காமல் சொல்லி, சரியான வரிசையில் அடுக்கி எழுதச் சொல்வதும் இதே வகைதான். பத்தாம் வகுப்புத் தாளில் கதை வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வி இருப்பதால் பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் இதை விளக்கிச் சொல்வது சுலபம்.

தமிழில் பொருள் சொல்லி ஆங்கிலம் நடத்தும் முறை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பயன்படுவதில்லை என்பதையும் யாரும் பேசுவதில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குப் பாடப் புத்தகத் தமிழே பள்ளியில் வந்து கற்கும் மொழி. வரைபடமும் விரலும் பொருளைக் காட்டும்போது அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்து, செயல்பாடு வழியே பாடம் நடக்கிறது. அங்கே பேசி, பாடி, தொட்டுப் படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வாய் மூடி எழுத வேண்டியிருக்கிறது. மேல்வகுப்பிலும் நிலை பார்த்து வேலையைப் பிரிக்கலாம். வழிகாட்டும் பத்தியில் தெருப் பெயர்களை மட்டும் விட்டு அச்சடித்துக் கொடுத்தால் பின்தங்கிய பிள்ளையும் எழுதிவிடும்; நன்றாக எழுதும் பிள்ளைக்கு வெற்றுத்தாள். வரைபடம் எல்லோருக்கும் ஒன்றேதான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைக்கும், நன்றாகப் படியுங்கள் என்று அறிவுரை சொல்வதில் பயன் குறைவு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ரொம்ப தூரம். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்டு, இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்து, சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்து, ஷிஃப்ட் முடிவில் பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு வர வேண்டும். அங்கே நான்கும் ஒன்றாகத்தான் வருகின்றன.

இனி மதிப்பெண். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண்ணும் எழுத்துத்தான். பாடநூலில் கேட்டல் பயிற்சியும் பேசுதல் பயிற்சியும் இருந்தாலும், பரீட்சைக்கு வராததை ஜனவரிக்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கேட்டல், பேசுதலுக்கென்று உள்மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் இருக்கிறது. நம் மாநில வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அகமதிப்பீடு பத்து இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பத்து மதிப்பெண்ணைக் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்கலாம் என்பது எங்கள் கோரிக்கை.

நேரம் இல்லை என்பார்கள், கணக்குப் போட்டுவிடலாம். கேட்டலுக்கு ஐந்து மதிப்பெண்: முழு வகுப்புக்கும் ஒரே பத்தியை இரண்டு முறை வாசித்து, ஐந்து கோடிட்ட இடம் நிரப்பவைத்தால் பத்து நிமிடம். பேசுதலுக்கு ஐந்து: ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிடம் வீதம் இருபது ஜோடிக்கு நாற்பது நிமிடம், ஒரு பீரியடு. மற்றவர்கள் அந்த நேரத்தில் எழுத்து வேலை செய்யட்டும். ஐந்தில் இரண்டு, செய்தி மற்றவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு. புரியாதபோது திருப்பிக் கேட்டதற்கு ஒன்று, காதில் விழும்படி பேசியதற்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று. இலக்கணத்துக்கு அதற்கு மேல் வைத்தால் பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. கேட்டல் பத்தியைத் தேர்வு நாளன்று மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாக அனுப்பி, விடைத்தாளை வேறு பள்ளியில் திருத்தினால் பாதிக்குமேல் சரியாகிவிடும். அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை, பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டில் இதற்கு இப்போதே இடம் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வகுப்புக்குப் பத்து என்ற கணக்கில், பாடநூல் அலகுகளோடு பொருந்தும் வரைபடம், பஸ் கால அட்டவணை, சந்தை விலைப்பட்டியல், கேட்டல் பத்தி ஆகியவற்றைத் தயாரித்துத் தர வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் விரிவுரைக்குப் பதிலாக அவற்றில் ஒன்றை ஆசிரியர்களே ஜோடியாக உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். எங்கே இடறும் என்பது அப்போது தெரிந்துவிடும். தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் இரண்டு பீரியடு ஆங்கில வகுப்பில் சத்தம் வரும். மதிய உணவுக்கு முந்தைய பீரியடாகவோ, பக்கத்து வகுப்புக்கு விளையாட்டுப் பீரியடு இருக்கும் நேரமாகவோ அதை அமைத்துக்கொடுத்தால் போதும். ஜூன் மாதமே தொடங்கிவிடுவது நல்லது. திருப்புதல் தேர்வு தொடங்கிய பிறகு கேட்டால் எந்தப் பள்ளியும் ஒத்துக்கொள்ளாது.

இப்படிக்கு,
ஆங்கிலப் பாட ஆசிரியர்கள் சிலர்,
பாலக்கோடு வட்டாரம், தருமபுரி மாவட்டம்.